டீசல் என்ற பெயருடைய மனிதர்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையோரம் ஐந்து நிமிடம் நின்றால் போதும், லாரிகளின் ஊர்வலத்தையே கண்டுவிடலாம். முட்டை ஏற்றியது ஒன்று, ஜவ்வரிசி மூட்டை ஏற்றியது ஒன்று, சமையல் எரிவாயு டேங்கர் ஒன்று, ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்பட்ட திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று என்று அவை போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வகுப்பில் லாரியோடு தொடர்பில்லாத வீடுகள் மிகக் குறைவு. ஒருத்தியின் அப்பா வடநாட்டு நடை போகும் டிரைவர். இன்னொருத்தியின் பெரியப்பா பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வேறொருத்தியின் மாமாவுக்கு டயர் ரீட்ரெடிங் தொழில்.

இத்தனை இருந்தும், டீசல் என்பது எந்த மொழிச் சொல் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரு நாள் கேட்டபோது நாங்கள் விழித்தோம். ஆங்கிலம் என்றாள் ஒருத்தி. மண்ணெண்ணெய் போல அதுவும் ஓர் எண்ணெயின் பெயர்தானே என்றாள் மற்றொருத்தி. அது ஒரு மனிதருடைய குடும்பப் பெயர் என்று ஆசிரியை சொன்னதும் எங்களுக்கு வியப்புத் தாங்கவில்லை. தினமும் நூறு முறை உச்சரிக்கும் பெயருக்கு உரியவரைத் தெரியாமல் இருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அன்று முதல் நூலகத்தில் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறோம்.

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருள்கள் செய்து விற்றுவந்தார். செய்த பொருள்களைக் கைவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலை. ஓய்வு கிடைத்தால் பழைய இயந்திரங்கள் வைத்திருந்த கண்காட்சி சாலைக்கு ஓடிவிடுவான். 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. அங்கே வறுமை. ஆகவே பன்னிரண்டே வயதான ருடால்பை ஆக்ஸ்பர்க் நகரில் கணக்கு ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் தந்தையரைப் பிரிந்து வளர்ந்த அந்தச் சிறுவன் பதினான்காம் வயதில், தான் பொறியாளர் ஆகப்போவதாக வீட்டுக்குக் கடிதம் எழுதினான். எங்களைவிட ஒரு வயது சிறியவன்! நாங்களோ பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்றே இன்னும் முடிவு செய்யவில்லை.

உதவித் தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கார்ல் வான் லிண்டே என்ற பேராசிரியர் வெப்ப இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்துவார். நீராவி எந்திரத்தில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மற்றதெல்லாம் வீண் என்று அவர் விளக்கினார். வகுப்பில் எல்லாரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். டீசல் மட்டும் அதை மறக்கவில்லை. 1879இல் இறுதித் தேர்வுச் சமயத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து தேர்வு எழுத முடியாமல் போனது. காத்திருந்து 1880 ஜனவரியில் எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். தேர்வுக் காலத்தில் காய்ச்சல் வந்து அழுத எங்கள் தோழியர் இதைக் குறித்துக்கொள்ளவும்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? பனிக்கட்டி செய்வது! லிண்டே குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கியவர். பாரிஸில் அவருடைய பனிக்கட்டித் தொழிற்சாலையைக் கவனிக்க டீசல் அனுப்பப்பட்டார். பனிக்கட்டி செய்தவர் பெயரைக் கொண்ட என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நம் ஊர் டிரைவர்கள் இத்தனை காலமும் வெந்துகொண்டிருந்தார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில்தான் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் ஆகியிருக்கிறது.

டீசலின் எண்ணம் என்ன என்பதை விளங்கச் சொல்ல வேண்டும். சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து முறை அடித்ததும் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதே காரணம். பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே போகும், பிளக் ஒரு தீப்பொறி தந்து அதைப் பற்றவைக்கும். டீசலோ காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைப் பதினைந்து இருபது மடங்கு சிறிதாக நசுக்கிவிட்டால் எண்ணெயைத் தானே பற்றவைக்கும் அளவுக்கு அது கொதிப்பேறும் என்று கணக்கிட்டார். அந்த நேரத்தில் எண்ணெயைத் துளித் துளியாகத் தெளித்தால் போதும், தீப்பொறியே வேண்டாம். நம் ஊரில் பம்ப், நாசில் பழுது பார்க்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றனவே, அந்த நாசில் செய்யும் வேலை இதுதான்.

இதைவிட எங்கள் மனத்தைத் தொட்டது வேறொன்று. நீராவி எந்திரம் பெரியது, விலை மிகுந்தது. பெரிய முதலாளிதான் அதை வாங்க முடியும். அதனால் நெசவாளர், கொல்லர், தச்சர் முதலிய சிறு தொழிலாளர் நசிந்து போவதை டீசல் கண்டார். சிறிய பட்டறையிலும் வைத்துக்கொள்ளக்கூடிய, செலவு குறைந்த என்ஜின் ஒன்று கிடைத்தால் அவர்கள் தம் கால்களில் நிற்பார்கள் என்று நம்பினார். லாரிக்காக அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அடுத்த ஆண்டு கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் துணை நின்றன. 1893 ஆகஸ்ட் 10ஆம் நாள் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. ஆனால் எண்ணெய் தானே பற்றியது உண்மை என்று தெரிந்துவிட்டது. 1894 பிப்ரவரி 17ஆம் நாள் என்ஜின் தன் சொந்த வலிமையில் ஓடியது, ஒரே ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடத்திலிருந்து முறையாக ஓடும் என்ஜின் வரை வர மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில், எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. உலகில் அன்றுவரை எந்த வெப்ப எந்திரமும் இவ்வளவு சிக்கனமாக ஓடியதில்லை. (2020இல் சீனாவின் வெய்ச்சாய் நிறுவனம் 50 சதவீதத்தைத் தாண்டிய லாரி என்ஜினை அறிமுகம் செய்தது. வழி காட்டியவர் அன்றே காட்டிவிட்டார்.)

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் என்ஜினுக்கு முதற்பரிசு கிடைத்தது. அங்கே ஓடிய சிறிய என்ஜின் ஒன்றுக்கு என்ன ஊற்றினார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கடலை எண்ணெய்! ஆப்பிரிக்காவில் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்ததால் பிரெஞ்சு அரசு அதைச் சோதித்துப் பார்க்க விரும்பியதாம். எந்த மாற்றமும் செய்யாமலே என்ஜின் ஓடியது. வந்தவர்கள் பலருக்கு அதில் என்ன எண்ணெய் ஓடுகிறது என்றே தெரியவில்லை. இதைப் படித்தபோது எங்கள் கண்முன் ராசிபுரத்துக் கடலைக் காடுகளும் செக்கு ஆட்டும் மணமும் வந்து நின்றன. விவசாயி தன் எரிபொருளைத் தானே விளைவித்துக்கொள்ள முடியும் என்று டீசல் கடைசிவரை நம்பினார். இன்றைக்குக் கடலை எண்ணெய் விற்கும் விலையில் லாரிக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் அம்மாக்களைக் கேட்டால் தெரியும்.

அவருக்குப் பணம் கொட்டியது. அமெரிக்க உரிமை மட்டும் பத்து லட்சம் மார்க்குக்கு விலை போயிற்று. மியூனிக்கில் மாளிகை கட்டினார். ஆனால் உடல்நலம் கெட்டது, காப்புரிமை வழக்குகள் தொடர்ந்தன, நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் போயிற்று. வெளியே புகழ் வளர வளர உள்ளே கடன் வளர்ந்தது. இயந்திரக் கணக்கில் அத்தனை கூர்மையாக இருந்தவர் வீட்டுக் கணக்கில் ஏன் தவறினாரோ, எங்களுக்கு விளங்கவில்லை.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை விழாவுக்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களுடன் இரவு உணவு உண்டார். காலை ஆறே கால் மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் அவர் இல்லை. படுக்கை கலையவில்லை. சில நாள்களுக்குப் பின் டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுத்த பொருள்களைப் பார்த்து, அவை தம் தந்தையுடையவை என்று மகன் ஆய்கன் சொன்னார். அன்றிரவு நடந்தது என்ன என்று இன்றுவரை எவராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. வயது ஐம்பத்தைந்துதான். புறப்படும் முன் மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதில் கொஞ்சம் பணமும், வங்கியில் ஏதுமில்லை என்று காட்டும் தாள்களும் இருந்தன. குடும்பம் கடனில் மூழ்கியிருப்பதை மார்த்தா அம்மையார் அறிந்தது அப்படித்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பாவம் அந்த மனிதர் என்றார்கள் சிலர். முப்பது ஆண்டு கூட வாழ்ந்த மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபப்பட்டார்கள் சிலர். எங்களில் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். காரணம் எங்களுக்குத் தெரியும். அவள் அப்பா ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கி ஓட்டியவர். லோடு கிடைக்காத மாதங்களில் டியூ கட்டவில்லை. அதை வீட்டில் சொல்லவும் இல்லை. ஒரு நாள் காலையில் கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துப்போன போதுதான் அவள் அம்மாவுக்குச் செய்தி தெரிந்தது. வண்டி போனதைவிட, ஏழு மாதம் தனியாக வைத்துக்கொண்டு அவர் தவித்தாரே என்பதுதான் அம்மாவைச் சுட்டதாம். இதை எழுதலாமா என்று கேட்டோம். பெயர் போடாமல் எழுதுங்கள் என்று அவளே சொன்னாள்.

டீசல் இறந்தபோது அவர் என்ஜின் கப்பலில் ஓடியது, மின்நிலையத்தில் ஓடியது. லாரிக்கு மட்டும் அது ஏறவில்லை. எண்ணெயைத் தெளிக்கப் பெரிய காற்றழுத்த எந்திரம் ஒன்று கூடவே வேண்டியிருந்ததால் எடை மிகுந்துவிட்டது. அந்தக் கருவி இல்லாமலே எண்ணெயைப் பீய்ச்சும் முறை வந்த பிறகு 1920களில் பென்ஸ், மான் நிறுவனங்கள் டீசல் லாரிகளைச் செய்தன. 1927 முதல் போஷ் நிறுவனம் பம்புகளைத் தொகுதியாகச் செய்யத் தொடங்கியதும் வழி திறந்தது. நம் நாட்டில் 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் பென்ஸும் சேர்ந்து லாரி செய்தன. அதையொட்டி நம் எண்ணூரில் அசோக் லேலண்ட் வளர்ந்தது. ஆலையிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு மரமும் தகரமும் வைத்து முகம் கொடுத்தவர்கள் நாமக்கல் பட்டறைக்காரர்கள். கிணற்றடியில் கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்த ஆயில் என்ஜினும் டீசல் தந்ததே. சிறு தொழிலாளி தன் காலில் நிற்க ஓர் என்ஜின் வேண்டும் என்ற அவருடைய கனவு, அவர் பார்த்தே இராத இந்தச் சமவெளியில், ஒரு வண்டி முதலாளிகளிடத்தில் பலித்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அவருடைய கடனும் கூடவே வந்துவிட்டது என்றாள் ஒருத்தி.

இனி டீசல் இருக்குமா என்று பட்டறையில் கேட்டோம். புகையைக் குறைக்க 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதி வந்தது. அதனால் இப்போது பல லாரிகளில் எண்ணெய் டேங்குக்குப் பக்கத்தில் யூரியாக் கரைசலுக்கும் ஒரு சிறு டேங்க் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் ஹைட்ரஜனை எரிக்கும் கனரக லாரியைக் காட்டினார்கள். மின்சார லாரிகளும் வந்துவிட்டன. மெக்கானிக் அண்ணா எதற்கும் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. எது வந்தாலும் அதற்கு ஒரு பாடி கட்டத்தானே வேண்டும் என்பது அவர் கட்சி.

நாங்கள் கிளம்பும்போது எங்கள் தோழியின் அப்பா வந்தார். அவர் இப்போது வேறொருவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். மாதக் கணக்கை அம்மாதான் நோட்டில் எழுதுகிறார்களாம். அன்று குஜராத்துக்கு நடை. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். பிளக் இல்லை, பொறி இல்லை, உள்ளே காற்று நசுங்கிச் சூடாகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு முறை உறுமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம்.