ஸ்கேன் இல்லாத காலத்தில் மூளைக் கட்டியைத் தேடிய டாக்டர் ராமமூர்த்தி

கேமரன் மலைத் தோட்டத்தில் உங்க தாத்தாவுக்கு ஒரு காது மட்டும் மெல்ல மந்தமாகுதுன்னு வைங்க. மலையிறங்கி ஈப்போ போனா எம்ஆர்ஐ எடுக்கலாம். 1950-இல் அப்படியொரு கருவியே உலகத்தில் கிடையாது.

அந்த வருஷம்தான் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி, 28 வயதில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

அன்றைய எக்ஸ்ரேயில் கட்டி தெரியாது, எலும்புதான் தெரியும். மண்டையோட்டின் அடியில், காது நரம்பு போகும் துளை அகன்றிருந்தால் நரம்புக் கட்டி என்று சந்தேகிப்பார்கள். எலும்பு தடித்திருந்தால் மூளை உறையில் வளரும் கட்டியாக இருக்கலாம். தெளிவில்லையென்றால் முதுகுத்தண்டில் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். நோயாளிக்குத் தலைவலி உயிர் போகும்.

ஏன் இந்தப் பாடு? கட்டி எங்கிருந்து வளருதுன்னு தெரிந்தால்தான் எந்தப் பக்கமா திறக்கணும், காதையும் முக நரம்பையும் காப்பாத்த முடியுமான்னு முடிவெடுக்கலாம்.

1971-இல் லண்டனில் முதல் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது, பிறகு எம்ஆர்ஐ வந்தது. 2003-இல் மறைந்த ராமமூர்த்தி இரண்டையும் பார்த்தார். இன்று எம்ஆர்ஐ கட்டியையே காட்டுது: துளைக்குள் நுழைந்திருந்தால் பெரும்பாலும் நரம்புக் கட்டி, உறைமேல் அகலமாக ஒட்டி, வால்போல் நீண்டிருந்தால் உறைக் கட்டி.

அதனால, ஒரு காது மட்டும் மந்தமானா வயசுன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க.