வேலையைவிட்டுத் தூக்கப்பட்ட கோச்... நியூயார்க்குக்கு 2 கோப்பை வாங்கித் தந்த கதை! யார் இந்த ரெட் ஹோல்ஸ்மன்?

நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மைதானத்தில், நிக்ஸ் கூடைப்பந்து அணியின் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் பேனர்களில் ஒன்றில் 613 என்று இருக்கும். எந்த வீரரும் அந்த எண்ணை அணிந்து ஆடியதில்லை. அது ஒரு கோச் அந்த அணிக்கு வாங்கித் தந்த வெற்றிகளின் எண்ணிக்கை. அவர்தான் ரெட் ஹோல்ஸ்மன்.

முதல் சறுக்கல்

1920-ல் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர் வில்லியம் ஹோல்ஸ்மன். செம்பட்டை முடி என்பதால் 'ரெட்' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. ரோச்செஸ்டர் ராயல்ஸ் அணிக்காக ஆடி 1951-ல் என்பிஏ சாம்பியன் ஆனார்.

அடுத்து மில்வாக்கி ஹாக்ஸ் அணிக்கு கோச். அங்கே தோல்விதான் அதிகம். அணி செயின்ட் லூயிஸ் நகருக்கு மாறியும் நிலைமை மாறவில்லை. 1956-57 சீசனின் பாதியில், 14 வெற்றி, 19 தோல்வி என்று இருந்தபோது வேலை போனது. அதே ஹாக்ஸ் அணி அந்த சீசனிலேயே இறுதிப்போட்டிக்குப் போனது. அடுத்த ஆண்டு கோப்பையையும் தட்டியது. ஹோல்ஸ்மனுக்கு எப்படி இருந்திருக்கும்?

10 ஆண்டு காத்திருப்பு

அதன்பிறகு நிக்ஸ் அணிக்கு இளம் வீரர்களைத் தேடிப் பிடிக்கும் ஸ்கவுட் வேலை. ஊர் ஊராகச் சுற்றி கல்லூரி ஆட்டங்களைப் பார்ப்பார். வில்லிஸ் ரீட், வால்ட் ஃப்ரேசியர் போன்றவர்கள் நிக்ஸுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

1967 டிசம்பரில் நிக்ஸ் தடுமாறியபோது கோச் பொறுப்பு இவரைத் தேடி வந்தது. பெரிய விருப்பமில்லாமல்தான் ஏற்றார். ஆனால் மிச்சமிருந்த 45 ஆட்டங்களில் 28-ல் வெற்றி!

அவர் ஃபார்முலா ரொம்ப சிம்பிள். எதிரணியை அடிக்கவிடாமல் தடுக்கணும். பந்து கிடைத்தால், யார் காலியாக நிற்கிறாரோ அவருக்குக் கொடுக்கணும். ஸ்டார், சாதாரண வீரர் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது.

உச்சம்

1970 இறுதிப்போட்டியில் எதிரணி லேக்கர்ஸ். 5-வது ஆட்டத்தில் கேப்டன் ரீட் தொடையில் காயம்பட்டு விழுந்தார். 6-வது ஆட்டத்தில் அவர் இல்லை, நிக்ஸ் தோற்றது. மே 8-ம் தேதி 7-வது ஆட்டம். நொண்டிக்கொண்டே களமிறங்கிய ரீட் அணியின் முதல் 2 கூடைகளைப் போட, ஃப்ரேசியர் 36 புள்ளிகள் குவித்தார். நிக்ஸுக்கு முதல் கோப்பை! 1972-ல் அதே லேக்கர்ஸிடம் தோல்வி. 1973-ல் மீண்டும் அவர்களையே வீழ்த்தி இரண்டாவது கோப்பை.

மறுபடியும் இறக்கம்

ரீட் உள்ளிட்ட சீனியர்கள் ஓய்வு பெற, அணி சரிந்தது. 1977-ல் ஹோல்ஸ்மன் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் அதே வில்லிஸ் ரீட். ஆனால் 1978-ல் சீசன் தொடங்கி 14 ஆட்டங்களிலேயே ரீட் நீக்கப்பட்டார். திரும்ப அழைக்கப்பட்டவர் ஹோல்ஸ்மன்! தான் வளர்த்த கேப்டனின் நாற்காலியில் மறுபடியும் உட்கார வேண்டிய நிலை. 1980-81-ல் 50 வெற்றி. அடுத்த சீசனில் வெறும் 33. 1982-ல் ஒரேயடியாக விடைபெற்றார்.

விட்டுச் சென்றது என்ன?

1986-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். 1998 நவம்பரில், 78 வயதில் ரத்தப் புற்றுநோயால் காலமானார். அவரிடம் ஆடிய ஃபில் ஜாக்சன், பின்னாளில் கோச்சாக 11 என்பிஏ கோப்பைகளை வென்றார். 1973-க்குப் பிறகான 50 ஆண்டுகளில், நிக்ஸ் கைக்கு இன்னொரு கோப்பை வரவில்லை. ஹாக்ஸ் வேண்டாம் என்று அனுப்பியவரின் மதிப்பு, நியூயார்க் ரசிகர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.