புல்வெளியும் ஒரு மன்னரும்

விடுதலைக்குப் பின் சென்னை மாகாணத்தின் ஆளுநரான முதல் இந்தியர் யார்? பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி என்று எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். விலங்கியல் படிக்க வந்த பின்னரே அப்பெயருக்குப் பின்னால் ஒரு புல்வெளியின் கதை இருப்பதை அறிந்தேன்.

இவர் 1912-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் பிறந்தார். தந்தை பவசிங்ஜி 1919-இல் மறையவே, ஏழு வயதில் அரியணை ஏறினார். 1931-இல் முழு ஆட்சிப் பொறுப்பு இவர் கைக்கு வந்தது.

பவநகர் சமஸ்தானம் இன்றைய குஜராத்தில், காம்பே வளைகுடாவின் கரையில் இருந்தது. அங்கே வேளாவதர் என்னும் ஊரையடுத்து மரங்களற்ற பரந்த புல்வெளி உண்டு. அரண்மனை மாடுகளின் தீவனத்திற்காகவும் மன்னரின் வேட்டைக்காகவும் அது காக்கப்பட்டது. பழக்கிய சிவிங்கிப்புலிகளை ஏவி வெளிமான்களை வேட்டையாடுவது அக்குடும்பத்தின் வழக்கம். ஆகவே அந்தக் காவல் கருணையால் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் காவலுக்கான செலவை அரண்மனைக் கருவூலம் ஏற்றது, புல் பிழைத்தது, மானும் பிழைத்தது.

1948 ஜனவரி 15 அன்று மன்னர் ஆட்சிப் பொறுப்பை மக்களிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை ஆளுநராகி, 1952 மார்ச் வரை பணியாற்றினார். அடையாளமாக ஒரு ரூபாயே ஊதியமாகப் பெற்றார். கிண்டி ஆளுநர் மாளிகைக் காட்டில் வெண்ணிற வெளிமான்களைக் கொண்டுவந்து விட்டவரும் இவரே. அந்தக் காடு 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று.

ஆனால் அரசுரிமையோடு வேளாவதரின் பழைய காவலும் போயிற்று. நிலம் உழவுக்குச் சென்றது, துப்பாக்கிகள் புகுந்தன. மன்னர் 1965 ஏப்ரல் 2 அன்று காலமானார். அடுத்த ஆண்டு அங்கே எஞ்சியிருந்த மான்கள் ஏறத்தாழ 200 தாம். தாம் வளர்ந்த புல்வெளி மீண்டதை அவர் காணவில்லை.

அவர் தம்பி, பறவையியல் அறிஞர் தர்மகுமார்சிங்ஜி, அதன் பாதுகாப்புக்காகப் பாடுபட்டார். 1976-இல் வேளாவதர் தேசியப் பூங்காவாயிற்று. பின்னர் அதன் பரப்பு 34 சதுர கிலோமீட்டராக விரிந்தது. காவலர் ஊதியத்தையும் பராமரிப்பையும் அரசு ஏற்றது. மான்கள் ஆயிரத்தைத் தாண்டின. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் கூட்டங்கூட்டமாக வந்து அப்புல்லில் இரவு தங்குகின்றன.

எனினும் அங்கும் சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. காயைத் தின்னும் விலங்குகளே விதையைப் பரப்புகின்றன. ஒருமுறை வெட்டினால் போதாது. தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். வேரோடு களைய ஆண்டுதோறும் ஆளும் பணமும் வேண்டும்.

இதை விருதுநகர்ச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் என் தாத்தா ஆடு மேய்த்தார். இன்று அங்கே ஆடு நுழைய வழியில்லை. கரிமூட்டம் போடுவோருக்கே அது பயன்படுகிறது. மரம் நடச் செலவிட நாம் தயங்குவதில்லை. புல்லைக் காக்கச் செலவென்றால், தரிசுக்கு எதற்குப் பணம் என்கிறோம்.

மன்னர் தம் விருப்பத்துக்காகச் செய்த செலவை, மக்களாட்சி கடமையாகச் செய்ய வேண்டும். அந்தக் கடமை நடுவில் நின்றுபோனால் என்னவாகும் என்பதற்கு அந்த 200 மான்களே சாட்சி. இனி அந்தப் பொது அறிவுக் கேள்விக்கு விடை எழுதும்போது, நண்பர்களே, அந்தப் புல்வெளியையும் ஒரு நொடி நினைப்போமாக!