நாயனக்காரர் கதை சொன்ன கொத்தமங்கலம் சுப்பு

கோவில்பட்டிக்காரர்களுக்கு நாயனம் என்றால் காருகுறிச்சி அருணாசலம்தான். இராஜரத்தினம் பிள்ளையின் மாணவராக விளங்கி, கோவில்பட்டியில் குடியிருந்து, 1964-இல் மறைந்தவர் அவர். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் அவர் வாசித்த நாயனம் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. இன்னும் நான்காண்டுகள் இருந்திருப்பாரேயானால், நாயனக்காரர் ஒருவரையே கதாநாயகனாகக் கொண்ட ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தையும் பார்த்து மகிழ்ந்திருப்பார். அக்கதையை எழுதிய கொத்தமங்கலம் சுப்புவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

சுப்பு 1910-இல் பிறந்தவர். கல்லூரிப் படி ஏறியவரல்லர். நாடகத்தில் பழகிச் சினிமாவுக்கு வந்து, எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கு அவர் தொடாத துறை குறைவு எனலாம். 1947-இல் ஆர். கே. நாராயண் கதையான ‘மிஸ் மாலினி’யில் சம்பத்தாக நடித்தார். 1948-இல் ‘சந்திரலேகா’வுக்குப் பாட்டெழுதினார். 1953-இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘ஔவையார்’ படத்தை இயக்கினார். காந்தியடிகளின் வரலாற்றைப் பாமரரும் விளங்கிக்கொள்ளும்படி வில்லுப்பாட்டாகவும் தந்தார்.

1950-களின் பிற்பகுதியில், கலைமணி என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய தொடர்கதையே ‘தில்லானா மோகனாம்பாள்’. கோபுலு அதற்குப் படம் வரைந்தார். ஆங்கிலத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 37-ஆம் ஆண்டுகளில் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலை இப்படித்தான் படங்களுடன் மாதந்தோறும் வெளியிட்டார். சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் கதைக்குள் வந்த பிறகே அதன் விற்பனை பெருகியது. 1952-இல் அது திரைப்படமும் ஆயிற்று. சுப்புவின் கதையிலும் சவடால் வைத்தி, ஜில் ஜில் ரமாமணி போன்றோரே முதலில் நம் நெஞ்சில் வந்து உட்காருகிறார்கள் அல்லவா?

ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு வேதனை இருக்கிறது. ஜமீன்களும் சமஸ்தானங்களும் கோலோச்சிய காலத்துக் கதை அது. மோகனாவைப் பணக்காரர் ஒருவரின் ஆதரவில் விட்டுவிடத் தாய் வடிவாம்பாள் துடிக்கிறாள். அதற்குத் தரகு பேசுபவன் வைத்தி. மகளோ ஒருவனை மணந்து வாழ விரும்புகிறாள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் தடை செய்தது 1947-இல்தான் என்பதை எண்ணினால், வைத்தியைப் பார்த்து நாம் சிரிக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

1968-இல் ஏ. பி. நாகராஜன் இதைப் படமாக்கினார். நீண்ட தொடர்கதை மூன்று மணி நேரத்துக்குள் சுருங்கியபோதும் அக்காலம் கண்முன் நின்றது. நாயனம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். வாசிப்பது சிவாஜியே என்று நம்பியவர் பலர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தாத்தா தவில்காரர். ஒருமுறை கரிசல்காட்டு ஊர் ஒன்றின் கொடையில் அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ரேடியோ செட்டில் பாட்டுப் போட்டுவிட்டார்களாம். தாத்தா தவிலை உறையில் போட்டுக்கொண்டு, பேசிய கூலியையும் வாங்காமல் நடந்தே வீடு வந்துவிட்டார். அந்த வாரம் கம்பங்கூழுக்கும் தட்டுப்பாடு என்று அம்மா இன்றும் சொல்வாள். சிக்கல் சண்முகசுந்தரத்தின் ரோஷத்துக்கு நாம் கை தட்டுகிறோம். தாத்தாவின் ரோஷத்துக்கு ஆச்சியும் நான்கு பிள்ளைகளும் பட்டினி கிடந்தார்கள். அவர் செய்தது சரியா என்று வீட்டில் இன்னும் வழக்குத் தீரவில்லை. மேளக்காரரும் மானமுள்ள மனிதரே என்று ஊரறியச் சொன்னவர் சுப்பு என்பதால், நான் தாத்தாவின் கட்சி.

1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு 1974-இல் காலமானார். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. நம் கல்லூரி விழாவுக்கு மேளக்காரர் வந்தால் வாசலோடு நிறுத்திவிடாமல், அரைமணி நேரமேனும் மேடையில் அமர்த்தி, எதிரே உட்கார்ந்து கேட்போம். நண்பர்களே, மாணவர் மன்றம் இதை இவ்வாண்டே தொடங்கலாமே!