பந்தயக் கார் செய்த கோவைக்காரர்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் ஊரே ரோட்டோரம் திரண்டுவிடும். முதலில் வந்த வண்டியின் சாரதிக்குத்தான் மாலை விழும். ஆனால் வீரசோழன் சந்தைக்கு மாடு, ஆடு பிடித்து வருகிற எந்தச் சம்சாரிக்கும் உண்மை தெரியும். அந்த மாலையில் பாதி இன்னொருவருக்குச் சேர வேண்டியது. காளைக்குப் பருத்திக்கொட்டை அரைத்து ஊட்டியவர் அவர். கண்மாயில் நீச்சல் பழக்கியவர் அவர். பந்தயத்துக்கு முதல் நாள் அச்சுக்கு மை போட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்தவரும் அவர்தான்.

மோட்டார் பந்தயமும் இப்படித்தான். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் மிகவும் பிரபலம். கடையில் விற்கிற கார்களின் சாயலில் கட்டிய வண்டிகளை வைத்து நடத்தும் பந்தயம் அது. அங்கே ஒவ்வொரு காருக்கும் பின்னால் ஒரு தலைமை மெக்கானிக் உண்டு. எப்போது டயர் மாற்றுவது, எவ்வளவு பெட்ரோல் போடுவது என்று முடிவு செய்பவர் அவரே. கார் ஓட்டுபவர் உலகப் புகழ் பெறுவார். தலைமை மெக்கானிக் கிரீஸ் படிந்த கையோடு ஓரமாக நிற்பார்.

தமிழ்நாட்டில் கார் ஓட்டவும் தெரிந்து, கார் கட்டவும் தெரிந்து, தாம் கட்டிய காரில் மற்றவர்களை ஏற்றிவிட்டு மகிழ்ந்த ஒருவர் இருந்தார். அவர்தான் கோவை கரிவரதன்.

மில் வீட்டுப் பிள்ளை

கோயமுத்தூரில் லட்சுமி மில் தெரியாதவர்கள் கிடையாது. 1910-ம் ஆண்டு குப்புசாமி நாயுடு தொடங்கிய மில் அது. அவருடைய மகன் ஜி.கே. சுந்தரம். சுந்தரத்தின் மகனாக 1954-ம் ஆண்டு கரிவரதன் பிறந்தார்.

பஞ்சு, நூல், பணம் எதற்கும் குறைவில்லாத குடும்பம். கரிவரதன் விரும்பியிருந்தால் மில் நிர்வாகத்தோடு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் என்ஜின் சத்தத்தின் பின்னால் ஓடியது.

கோவை அதற்கு ஏற்ற ஊர்தான். நெசவு மில்லுக்கு யந்திரம் வேண்டும். கிணற்றுக்குப் பம்புசெட் வேண்டும். அதனால் அங்கே வார்ப்படப் பட்டறைகளும் லேத்துப் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன. ஒரு உருப்படியின் படத்தைக் கொடுத்தால் அதை அப்படியே கடைந்து தரக்கூடிய கைகள் அந்த ஊரில் இருந்தன. கரிவரதனின் கனவுக்கு அந்தக் கைகள்தான் பலம்.

சோழவரம்

அந்த நாளில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே உள்ள ஊர். இரண்டாவது உலகப் போரின்போது அங்கே விமானம் இறங்கும் தளம் போட்டார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. தளம் மட்டும் கிடந்தது. அந்தத் தளத்தில்தான் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பந்தயங்களை நடத்தியது. இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். வெயிலையும் தூசியையும் பொருட்படுத்தாமல் ஜனங்கள் கூடினார்கள்.

கரிவரதன் அங்கே கார் ஓட்டினார். பெயரும் எடுத்தார். ஆனால் அங்கே அவர் கண்ட ஒரு குறை அவரை உறுத்தியது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கிடைத்த கார்கள் மிகச் சில. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றைப் பிரித்து, எடையைக் குறைத்து, என்ஜினை முறுக்கேற்றித்தான் பந்தயம் விட வேண்டும். அசல் பந்தயக் கார் வேண்டுமென்றால் கப்பலில் வரவேண்டும். அதற்கு லைசென்சும் வேண்டும், பெரும் பணமும் வேண்டும்.

ஆகவே பணக்காரர் வெளிநாட்டுக் காரில் வருவார். மற்றவர் பழைய பியட்டில் வருவார். இருவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். கொடி அசைந்ததும் யார் ஜெயிப்பார் என்பது முன்னாலேயே தெரிந்த சங்கதி. பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒன்றாக ஓட விட்டது போலத்தான். நம் ஊர்ப் பந்தயத்தில்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். பெரிய மாடு தனி, சின்ன மாடு தனி, பூஞ்சிட்டு தனி என்று பிரித்துத்தான் விடுவார்கள்.

திறமை இருந்தும் காசில்லாத பையன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்குக் கரிவரதன் பட்டறையில் விடை தேடினார்.

எல்லோருக்கும் ஒரே கார்

1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 கார் வந்தது. சின்ன கார். மூன்று சிலிண்டர் கொண்ட, எடை குறைந்த என்ஜின். போகப்போக அதன் உதிரிப் பாகங்கள் எல்லா ஊர்களிலும் கிடைத்தன.

கரிவரதன் அந்த என்ஜினை எடுத்துக்கொண்டார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கூடு செய்தார். மேலே கண்ணாடி இழையில் உடல் செய்து போர்த்தினார். உள்ளே ஒரே ஒரு ஆள் உட்காரலாம். கூரை கிடையாது. நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நிற்கும். உலகப் பந்தயங்களில் ஓடுகிற பார்முலா கார்களின் சாயல், ஆனால் கோவையில் பிறந்த கார். 1980-களின் கடைசியில் வந்த இதைப் பந்தய உலகம் பார்முலா மாருதி என்று அழைத்தது.

இந்தக் காரின் சிறப்பு அதன் வேகம் அல்ல. விலை குறைவு என்பது ஒன்று. எல்லோருக்கும் ஒரே கார் என்பது மற்றொன்று. என்ஜின் ஒன்று, கூடு ஒன்று என்றால் ஜெயிப்பது யார்? வளைவில் எப்போது பிரேக் போடுவது, எப்போது முந்துவது என்று தெரிந்தவர்தான். பணத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, திறமையை நடுவில் கொண்டு வந்து நிறுத்தினார் கரிவரதன். செல்வர் வீட்டில் பிறந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தமக்கு இருந்த சௌகரியத்தைத் தாமே விட்டுக்கொடுத்தார்.

1990-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை அமைந்தது. பார்முலா மாருதி கார்கள் அங்கே வரிசை கட்டி ஓடின. கோவையிலிருந்து நாராயண் கார்த்திகேயன் என்ற பையனும் அங்கே வந்தான். அப்போது வயது பதினைந்து. அவன் ஏறிய முதல் பந்தயக் கார் பார்முலா மாருதி.

பாதியில் நின்ற ஓட்டம்

கரிவரதனுக்குத் தரையில் ஓடுவது மட்டும் போதவில்லை. வானில் பறப்பதிலும் ஆசை இருந்தது. அந்த ஆசையே எமனாக வந்தது. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இலகு ரக விமானம் விபத்துக்குள்ளாகி அவர் உயிர் நீத்தார். அப்போது வயது 41தான்.

தாம் வார்த்த கார்களில் பழகிய பிள்ளைகள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை.

2005-ம் ஆண்டு நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காகப் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். உலகத்தின் தலையாய கார் பந்தயம் அது. அதில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. 2010-ல் அமெரிக்காவின் ஸ்டாக் கார் கழகம் நடத்தும் டிரக் பந்தயத்திலும் இறங்கினார். மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே பதின்மூன்றாவதாக வந்தார். அதே 2010-ல் சென்னை கருண் சந்தோக்கும் பார்முலா ஒன்னில் ஓட்டினார். அவரும் பார்முலா மாருதியில் பழகி வந்தவர்தான்.

கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003-ம் ஆண்டு ஒரு பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள்.

பந்தயத்தில் ஜெயித்தவரின் பெயர் அடுத்த பந்தயம் வரை நிற்கும். இங்கே ஜெயிக்கிறவர், தோற்கிறவர், புதிதாகப் பழக வருகிற பிள்ளை எல்லோரும் கரிவரதன் பெயர் தாங்கிய மண்ணில்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். காளையை வளர்த்தவருக்குச் சேர வேண்டிய பாதி மாலை, தாமதமானாலும் வந்து சேர்ந்தது.