தூண்டில் கட்டினார், மீன் பிடிக்கவில்லை

இங்கிலாந்து அரசு உங்களுக்கு ஒரு பதக்கம் அறிவித்து, விழாவுக்கு வரச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போவீர்கள்தானே? 1971-ல் அப்படி அழைக்கப்பட்ட ஒரு பெண்மணி, வீட்டில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் வர முடியாது என்று தெரிவித்துவிட்டார். நாய் வளர்க்கும் நம் குடியிருப்புவாசிகளுக்கு இந்தக் கவலை உடனே புரியும். பின்னாளில் இளவரசர் சார்லஸே அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். அந்தப் பெண்மணியின் பெயர் மேகன் பாய்ட். இந்த இதழில் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

அவர் செய்தது மிகச் சிறிய வேலை. சால்மன் மீனைப் பிடிக்கும் தூண்டில் முள்ளின் மேல் பறவை இறகு, பட்டு நூல், வெள்ளிச் சரிகை இவற்றைச் சுற்றி, வண்ணப் பூச்சி போல ஒன்றைக் கட்டுவது. ஆங்கிலத்தில் இதை ஃப்ளை, அதாவது ஈ, என்பார்கள். நாம் தூண்டில் ஈ என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலில் வளர்ந்த அட்லாண்டிக் சால்மன், முட்டையிட ஆற்றுக்குத் திரும்பியதும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். பசியில்லாத மீன் ஏன் இந்த ஈயைக் கவ்வுகிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான பதில் இல்லை. ஆகவே அது எந்த நிஜப் பூச்சியையும் போல இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் கைவினைஞர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டு, உலகத்துப் பறவைகளின் இறகுகளையெல்லாம் ஒரு விரல் நீள முள்ளில் சேர்த்துவிட்டார்கள்.

மேகன் 1915-ல் இங்கிலாந்தின் சரே பகுதியில் பிறந்தவர். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள சதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே புரோரா ஆற்றில் திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்கும் காவல் வேலை அப்பாவுக்கு. பக்கத்தில் பாப் ட்ரஸ்லர் என்ற இன்னொரு காவலாளி இருந்தார். தூண்டில் ஈ கட்டத் தெரிந்தவர். பள்ளிக்குப் போகும் வயதில் மேகன் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனார்.

ட்ரஸ்லர் கற்றுக்கொடுத்த முறையைக் கவனியுங்கள். புதிய இறகும் நூலும் கொடுத்துக் கட்டச் சொல்லவில்லை. பழைய ஈக்களைக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்த அதே பொருட்களைக் கொண்டு, முன்னதைவிடச் சிறிய முள்ளில் திரும்பக் கட்ட வேண்டும். பிரிக்கும்போது எது முதலில் வந்தது, எது எதை மறைத்திருந்தது என்று தெரிந்துவிடும். சிறிய முள்ளில் கட்டும்போது ஒரு சுற்று கூடினாலும் இடம் போதாது. பாடப்புத்தகம் எதுவும் இல்லாமலே அளவும் வரிசையும் விரலில் ஏறிவிடும்.

வீட்டில் மல்லிகை தொடுப்பவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் பிடிபடும். ஊசி இல்லை, நூல்தான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பு கொஞ்சம் தளர்ந்தால் சரிந்துவிடும், இறுகினால் காம்பு அறுந்துவிடும். மேகனின் வேலையும் அப்படித்தான், ஆனால் பல மடங்கு நுணுக்கம்.

ஜாக் ஸ்காட் என்ற புகழ்பெற்ற ஈயை எடுத்துக்கொள்வோம். வாலுக்குப் பொன்நிற ஃபெசன்ட் பறவையின் கொண்டை இறகு. உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு, அவற்றின் மேல் வெள்ளிச் சரிகை. கழுத்துக்குக் கினிக்கோழி இறகு. இறக்கைதான் கடினமான பகுதி. மயில், சாயமேற்றிய அன்னம் என்று வெவ்வேறு இறகுகளிலிருந்து மெல்லிய இழைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று பக்கவாட்டில் சேர்த்து, ஒரே இறகு போல ஆக்க வேண்டும். பசை தேவையில்லை. இறகு இழைகளில் இயற்கையாகவே கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு, விரலால் மெல்ல நீவினால் அவை மாட்டிக்கொள்ளும். இதற்கு அந்தத் தொழிலில் கல்யாணம் செய்துவைப்பது என்றே பெயர்.

கடைசியில் இறக்கையின் இருபுறமும் கன்னம் போல ஓர் இறகு வரும். கறுப்பில் வெள்ளையும் மஞ்சளும் மெழுகுப் பொட்டுகளாக மின்னும். அது எங்கிருந்து போனது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்து. ஸ்காட்லாந்து ஆறுகளில் மிதந்த எத்தனையோ ஈக்களில் நம் காட்டுப் பறவையின் இறகு இருந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்வதற்கு 1902-லேயே தடை வந்தது. இன்று பிரிட்டனில் கூண்டில் வளர்க்கும் கோழிகளிலிருந்து இந்த இறகு கிடைக்கிறது.

இருபது வயதளவில் மேகன் கின்ட்ராட்வெல் என்ற இடத்தில் கடலைப் பார்த்த ஒரு சிறு வீட்டில் தனியாகக் குடியேறினார். அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தார். 1980-கள் வரை அந்த வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் ஜன்னலோரம் மேசை போட்டு, நாள் முழுக்க முள்ளும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். கிராப்பு வெட்டிய தலை, ஆண்கள் அணியும் கோட்டு, டை, கீழே பாவாடை. ஊரார் என்ன நினைப்பார்கள் என்று அவர் உடை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

உலகம் முழுவதிலிருந்தும் ஆர்டர்கள் வந்து குவிந்தன. இளவரசர் சார்லஸும் வாடிக்கையாளர். விரும்பியிருந்தால் விலையைப் பல மடங்கு ஏற்றியிருக்கலாம். அவரோ குறைந்த விலைக்கே கொடுத்துவந்தார். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதற்காக அல்ல, ஆற்றில் போடுவதற்காகக் கட்டினார். இத்தனைக்கும் அவர் மீன் பிடிப்பவர் அல்ல. ஓர் உயிரைக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தாம் கட்டியது எதற்குப் பயன்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். இந்த முரணோடுதான் அவர் வாழ்ந்தார்.

அந்த உழைப்புக்கு விலை கொடுத்தவை கண்கள்தாம். பார்வை மங்கி, 1988-ல் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. 2001-ல் காலமானார். 2013-ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது.

அவர் மறைந்த பிறகு நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். இன்று பலர் இந்த ஈக்களை மீன் பிடிக்க அல்லாமல், கலைப்பொருளாகவே கட்டுகிறார்கள். பழைய செய்முறையில் உள்ள அதே அரிய இறகுதான் வேண்டும் என்று சிலர் பெரும் விலை கொடுக்கிறார்கள். 2009-ல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் இரவில் ஜன்னல் வழியே புகுந்து 299 பறவைப் பாடங்களை ஒருவர் திருடினார். அவர் லண்டனில் புல்லாங்குழல் படித்த மாணவர், ஈ கட்டுவதில் பெயர் பெற்ற இளைஞர். திருடியவற்றில் 150 ஆண்டுகளுக்கு முன் இயற்கை ஆய்வாளர் வாலஸ் சேகரித்தவையும் இருந்தன. பலவற்றின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டதால், மீட்கப்பட்ட பிறகும் அவை ஆய்வுக்கு உதவாமல் போயின.

இருவருடைய விரல்களிலும் திறமை இருந்தது. ஒருவருக்குப் பொருள் பெரிதாகிவிட்டது. மற்றவருக்கு, பழைய ஈயைப் பிரித்துக் கிடைத்த கசங்கிய இறகே பாடம் கற்கப் போதுமானதாக இருந்தது.

நம் குடியிருப்பிலும் குரோஷா, கூடை முடைதல், தஞ்சாவூர் ஓவியம் என்று ஏதோ ஒன்று கைவந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அவர்களிடம் போகும்போது, விலையுயர்ந்த பொருட்களை வாங்கிக் கொடுத்து அனுப்ப அவசரப்படாதீர்கள். ட்ரஸ்லர் செய்ததுபோல, பழைய ஒன்றைக் கொடுத்து முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.