சாகாத மாயாவியைப் படைத்த மனிதர்... ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கதை சொன்ன லீ ஃபால்க்!

இறுக்கமான ஊதா உடை, முகமூடி, விரலில் மண்டையோட்டு மோதிரம், கூடவே ஓர் ஓநாய்... யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா? ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு அவர் 'மாயாவி' (இரும்புக்கை மாயாவி இல்லீங்க, அவர் வேற!). உலகத்துக்கு ஃபேன்டம்.

அவரைப் படைத்த லீ ஃபால்க், 1911 ஏப்ரல் 28-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா மறுமணம் செய்துகொண்டார். வளர்ப்புத் தந்தையின் பெயரிலிருந்த 'ஃபால்க்'கைத்தான் பின்னாளில் தன் பெயராக்கிக்கொண்டார்.

1934-ல் மந்திரவாதி மாண்ட்ரேக் செய்தித்தாள்களில் வந்து ஹிட். 1936 பிப்ரவரி 17-ல் ஃபேன்டம். பகலில் பணக்கார இளைஞன், ராத்திரியில் முகமூடி வீரன் என்பதுதான் முதல் திட்டம். ஆனால், முதல் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே மனசு மாறி, ஹீரோவைக் காட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கேதான் அந்தப் 'பேய்' பிறந்தது!

400 வருடங்களாகச் சாகாத ஆவி அது என்று காடே நம்பும். கொன்றுவிட்டோம் என்று எதிரிகள் நினைத்தால், மறுபடி வந்து நிற்கும். உண்மையில் பேயும் இல்லை, பூதமும் இல்லை. கடற்கொள்ளையரிடம் அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர், கொலைகாரனின் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்கிறார். அவர் இறந்ததும் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறார். அப்புறம் அவர் மகன்... நாம் படித்தவர் 21-வது ஆள்! அப்பாவைச் சீக்கிரமே இழந்த ஒருவர் எழுதிய கதை இது என்பதை நினைத்துக்கொண்டு, இனி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

காமிக்ஸ் மட்டுமல்ல, நாடகமும் ஃபால்க்கின் உயிர். சுமார் 300 நாடகங்களைத் தயாரித்தார். மார்லன் பிராண்டோகூட அவர் மேடையில் நடித்திருக்கிறார். நம்மூரில் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது, முதல் இதழின் நாயகனே ஃபேன்டம்தான்.

60 வருடங்களுக்கும் மேல் எழுதினார். கடைசி நாள்களில், மருத்துவமனைப் படுக்கையில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கதை சொல்லியிருக்கிறார். 1999 மார்ச் 13-ல், 87 வயதில் நியூயார்க்கில் காலமானார். பாதியில் நின்ற கதையை மனைவி எலிசபெத் முடித்துக்கொடுத்தார். பிறகு வேறு எழுத்தாளர்கள் வந்தார்கள்.

முகமூடி கைமாறியது. மாயாவி இன்னும் சாகவில்லை!